டயர் படாத இரண்டு ஏக்கர்

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ரேஷன் கார்டோடு சரி. சுற்றுவட்டாரத்தில் கேரட், பீட்ரூட் போடுகிற அத்தனை பேருக்கும் அவள் ‘நாளைக்கு’தான். அவளுடைய செல்போன் எண்ணைக்கூட எல்லோரும் அப்படித்தான் பதிந்து வைத்திருந்தார்கள். விதை போட்டு முடித்த நிலத்தில் உருளை ஓட்டி மண்ணை அமுக்கிக் கொடுப்பது அவள் தொழில். டிராக்டரும் அவளுடையது, பின்னால் இழுபடுகிற மூன்று மீட்டர் அகல இரும்பு உருளையும் அவளுடையது. யாராவது அவசரமாகக் கூப்பிட்டால் வருவாள். வந்ததும் வண்டியை வயலில் இறக்க மாட்டாள். வரப்பிலேயே நிறுத்திவிட்டு இறங்கி, ஒரு பிடி மண்ணை அள்ளி உருண்டை பிடித்து, இடுப்பு உயரத்திலிருந்து கீழே போடுவாள். உருண்டை உதிர்ந்தால் வேலை நடக்கும். விழுந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தால் கையைத் தட்டிக்கொண்டு, “இன்னைக்கு ஆகாது, நாளைக்கு” என்பாள். அதற்குப் பிறகு நீங்கள் தலைகீழாக நின்றாலும் நடக்காது.

சிலர் கோபித்துக்கொள்வார்கள். சிலர் கெஞ்சுவார்கள். “ஒரே ஒரு ஏக்கர்தானேம்மா, ஓரமா ஓட்டிட்டுப் போயிடேன்” என்பார்கள். அவள் அசைந்து கொடுக்க மாட்டாள். விதை மண்ணோடு ஒட்டி உட்காரத்தான் உருளை. மேல் மண் மட்டும்தான் அமுங்க வேண்டும், அதற்குக் கீழே இருப்பது பொலபொலவென்றே இருக்க வேண்டும். ஈர நிலத்தில் பாரத்தை ஏற்றினால் கீழ் மண் செங்கல் மாதிரி இறுகிவிடும். இறுகிய மண்ணில் கேரட் நேராக இறங்காது. இரண்டு காலும் மூன்று காலுமாகப் பிரிந்து, பார்க்கிறவர்கள் சிரிக்கிற மாதிரி வளரும். நிலத்துக்காரன் மட்டும் சிரிக்க மாட்டான்.

இதையெல்லாம் அவளுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பதினோரு வருஷம் காய்கறி தரம் பிரிக்கும் கொட்டகையில் வேலை பார்த்தவள் அவள். நீளமான மேஜை, அதன் மேல் ஓடுகிற ரப்பர் பட்டை, பட்டையில் வந்து கொண்டேயிருக்கும் கேரட். நேரானது இந்தக் கூடைக்கு, பிரிந்தது அந்தக் கூடைக்கு. நாள் முழுக்க நின்று நின்று கணுக்கால் வீங்கும். ஆனால் வேலையில் கண் இருந்ததால், எந்த லோடில் பிரிந்த கேரட் அதிகம், அது யாருடைய நிலம், அவர் எந்தத் தேதியில் உருளை ஓட்டினார் என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக் கொண்டே வந்தாள். ஒரு கட்டத்தில், வந்து இறங்கும் முதல் கூடையைப் பார்த்தே, “இவர் மழைக்கு மறுநாள் ஓட்டியிருக்கார்” என்று சொல்ல ஆரம்பித்தாள். மேஜைக்கு எதிரில் நின்றவர்கள், “உனக்கு எப்படிடீ தெரியும்?” என்று வாயைப் பிளந்தார்கள். தெரிந்தது, அவ்வளவுதான்.

இவ்வளவு தெரிந்தவள் முதல் தடவை என்ன செய்தாள் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

கொட்டகை வேலையை விட்டுவிட்டு உருளை வாங்கிய முதல் பருவம். டிராக்டர் மூன்று கை மாறி வந்தது, உருளை மட்டும் புத்தம் புதியது. உள்ளே வெற்றிடமுள்ள பீப்பாய் மாதிரியான உருளை. பாரம் வேண்டுமென்றால் மூடியைத் திருகித் தண்ணீர் நிரப்பிக் கொள்ளலாம், வேண்டாமென்றால் திறந்து விட்டுவிடலாம். பச்சை பெயின்ட் பளபளத்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. முதல் வேலை நாத்தனார் நிலத்தில். அதாவது வீட்டுக்காரரின் அக்கா, ஆறு ஏக்கரில் கேரட் போடுகிறவர். நிலத்தில் ஈரம் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, ‘ஒரு நாள்தானே, ஒன்றும் ஆகாது’ என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டு, உருளை நிறையத் தண்ணீரையும் நிரப்பிக்கொண்டு, ஆறு ஏக்கரையும் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி வழவழவென்று ஓட்டி முடித்தாள். அவ்வளவு அழகான வயலை அந்தப் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை. அறுவடையில் வந்த மாதிரி அவ்வளவு கோணல் கேரட்டையும் யாரும் பார்த்ததில்லை.

அந்த லோடு கொட்டகைக்குப் போனபோது, பழைய சிநேகிதிகள் மேஜையில் நின்று பிரித்திருப்பார்கள். யார் ஓட்டியது என்று அவர்களுக்கு ஒரு நொடியில் தெரிந்திருக்கும். அதை நினைத்தால் இப்போதும் அவளுக்கு முகம் சூடாகிவிடும்.

நாத்தனார் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேச்சை நிறுத்திவிட்டார். வீட்டுக்கு வருவார், தம்பியோடு பேசுவார், டீ குடிப்பார், “உன் பொண்டாட்டிகிட்டச் சொல்லு, டீ நல்லாயிருக்குன்னு” என்று பக்கத்திலேயே நிற்கிறவளுக்குத் தம்பி மூலம் தூதுவிட்டுப் பாராட்டிவிட்டுப் போவார். இவளும், “மழை அந்த வருஷம் அப்படி” என்று ஊருக்கெல்லாம் சொன்னாளே தவிர, நாத்தனாரிடம் நேராகப் போய் நின்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒன்பது வருஷம் இப்படியே ஓடியது. அந்த ஆறு ஏக்கருக்கு வருஷா வருஷம் பீரங்கி வந்து உருளை ஓட்டினார்.

பீரங்கி என்பது ஒரு மனிதர்தான். குரலால் வந்த பெயர். அவர் அடுத்த வரப்பில் நின்று ரகசியம் சொன்னால் மூன்று வயல் தள்ளி இருப்பவர் பதில் சொல்லுவார். டிராக்டர் பெரிது, உருளை பெரிது, பாரமும் பெரிது. கூப்பிட்ட நாளில் கூப்பிட்ட மணிக்கு வந்து நிற்பார். ஈரமாவது காய்ச்சலாவது, ஓட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். அதனால் அவருக்கு வேலைக்குக் குறைவே இல்லை.

இந்த வருஷம் விதைப்புக்கு முன் ஒருநாள், நாத்தனார் டயர்க்கடைக்கு வந்தார். டயர்க்கடைதான் அவள் வீட்டுக்காரருடையது. முன்னால் கடை, பின்னால் வீடு. பஞ்சர் ஒட்டுவது, காற்றடிப்பது, ரோட்டோரம் கவிழ்ந்த வண்டிகளை இழுத்து வருவது எல்லாம் அவர் வேலை. புருஷன் பொண்டாட்டிக்குள் ஓயாத வழக்கு ஒன்று உண்டு. வயலில் இறங்கும் முன் அவள் டிராக்டர் டயரில் பாதிக் காற்றை இறக்கிவிடுவாள். டயர் தட்டையாகப் பரந்து நின்றால் மண்ணில் பாரம் பரவலாக விழும். வேலை முடிந்து ரோட்டில் ஏறும் முன் மறுபடி காற்று வேண்டும். “நான் வயித்துப் பிழைப்புக்குக் காத்தடிக்கிறேன், இவ அதைப் பிடுங்கிவிடறதுக்குன்னே பொறந்திருக்கா” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். ஆனால் காலையில் அவள் கிளம்பும்போது காற்றழுத்தம் பார்க்கும் மானியைத் துடைத்து வண்டியில் வைப்பதும் அவர்தான்.

நாத்தனார் ஸ்டூலில் உட்கார்ந்து, தம்பியைப் பார்த்து ஆரம்பித்தார்.

“ரெண்டு வருஷமா பாதிக்குப் பாதி கோணலாத்தான் வருது. கீழ்ப்பக்கம் ரெண்டு ஏக்கர் ரொம்ப மோசம். கம்பெனிக்காரன் சொல்லிட்டான், இந்தத் தடவையும் இப்படியே வந்தா இனிமே எங்கிட்ட எடுக்க மாட்டானாம்.”

“வேற யாருக்காச்சும் கொடுக்கலாமேக்கா.”

“கோணல் கேரட்டை யாருடா வாங்குவான்? மாட்டுக்குத்தான் போடணும். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு நான் வீட்டுல உட்கார வேண்டியதுதான்.”  பிறகு, “உன் பொண்டாட்டிகிட்டக் கேளு. இந்த வருஷம் அவ வந்து ஓட்டுவாளான்னு” என்றார்.

அவள் பின்வாசலில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.  அறுபது வயதுக்குக் கிட்டத்தில், ஆள் அம்போடு நிலத்தை ஆண்ட மனுஷி, வீட்டில் உட்கார வேண்டியதுதான் என்று சொல்லக் கேட்டு அவளுக்குத் தாங்கவில்லை. அந்த நிலத்தின் அடிமண்ணை முதலில் கெடுத்தது யார் என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனால் குரலில் அதையெல்லாம் காட்டிக்கொள்ளாமல், “வர்றேன்க்கா. ஆனா நான் சொல்ற நாள்லதான் ஓட்டுவேன்” என்றாள்.

“அவ இஷ்டப்படியே வரட்டும்னு சொல்லுடா” என்றார் நாத்தனார், தம்பியிடம்.

வேலையை அவள் முதலிலிருந்தே தன் பிடிக்குள் கொண்டு வந்தாள். ஆழ உழுது அடிமண்ணை உடைக்கச் சொன்னாள். விதைப்பதற்குக்கூட வண்டி வேண்டாம், கையால் தள்ளுகிற விதைப்பு எந்திரம் போதும் என்றாள். நான்கு பெண்கள் இரண்டு நாள் எந்திரத்தைத் தள்ளி ஆறு ஏக்கரையும் விதைத்து முடித்தார்கள். கேரட் விதை சீரகத்தைவிடச் சின்னது. மண் தளர்வாக இருந்தால் விதைக்கும் மண்ணுக்கும் நடுவே காற்று புகுந்து முளைப்பு பாதியாகிவிடும். பெருமழை வந்தால் விதையே வரப்போரம் போய் ஒதுங்கிவிடும். ஆகவே அடுத்த மழைக்குள் உருளை ஓடியாக வேண்டும்.

விதைத்து முடித்த செவ்வாய்க்கிழமை இரவே ஒரு தூறல் போட்டுவிட்டுப் போனது. பெரிய மழை வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்று செல்போன் சொன்னது, ரேடியோவும் அதையே சொன்னது.

புதன்கிழமை அவள் வயலுக்கே போகவில்லை. வியாழக்கிழமை காலையில் மேல்பக்கம் நாலு ஏக்கர் சரியாக இருந்தது. மணல் கலந்த மண், உருண்டை பொலபொலவென்று உதிர்ந்தது. டயரில் காற்றை இறக்கி, உருளையில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல், நடக்கிற வேகத்தில் ஓட்டி, மதியத்துக்குள் முடித்துவிட்டாள். இப்போதெல்லாம் உருளை பளபளப்பாக இல்லை. வெல்டிங் கடையில் கொடுத்து, சுற்றிலும் கம்பி வைத்து ஒட்ட வைத்திருந்தாள். ஓட்டிய இடத்தில் கோடு கோடாக விழும், மழைத் தண்ணீர் அந்தக் கோட்டில் இறங்கும். முன்னைப்போல வழவழப்பு இல்லை. வழவழப்பைக் கண்டாலே அவளுக்கு ஆகாது.

கீழ்ப்பக்கம் இரண்டு ஏக்கர்தான் வம்பு. வாய்க்காலை ஒட்டிய களிமண். மேலே இரண்டு விரல் ஆழத்துக்குக் காற்றில் நன்றாகக் காய்ந்திருந்தது. அந்த மண் உதிர்ந்தது. ஒரு சாண் கீழே தோண்டி எடுத்த மண்ணை உருட்டிப் போட்டாள். அது தரையில் விழுந்து, கொழுக்கென்று அப்படியே உட்கார்ந்தது. மண்ணின் இறுக்கம் பார்க்க வண்டியில் வைத்திருந்த கம்பியை எடுத்துக் குத்தினாள். ஒரு விரலால் தள்ளியதற்கே முழங்கை நீளம் இறங்கியது.

மேல் மண் உருளைக்குத் தயார். கீழ் மண் டிராக்டருக்குத் தயாரில்லை. நாளைக்கு என்று சொல்லலாம். ஆனால் நாளைக்குச் சாயங்காலம் மழை. நாளைக்குள் இந்தக் களிமண் காயாது.

வாழ்க்கையில் முதல்முறையாக ‘நாளைக்கு’ என்ற சொல் அவளுக்குக் கைகொடுக்கவில்லை. வரப்பில் நின்றிருந்த நாத்தனார் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.  

“நாளைக்கு” என்றாள் அவள், எப்படி என்று தெரியாமலே.

வீட்டுக்கு வரும் வழியில் திருப்பத்தில் ஒரே கூட்டம். சிமென்ட் ஏற்றிய மினி லாரி ஒன்று சாலையோரப் பள்ளத்தில் இறங்கிச் சாய்ந்திருந்தது. அவள் வீட்டுக்காரர் தன் இழுவை வண்டியைத் தார் ரோட்டிலேயே நிறுத்தி, பின்னாலிருந்த சக்கரத்திலிருந்து இரும்புக் கயிற்றை இழுத்து லாரியில் மாட்டி, பொத்தானை அமுக்கினார். கயிறு சுற்றச் சுற்ற, லாரி மெதுவாக ஏறி வந்தது. இழுவை வண்டி இருந்த இடத்தைவிட்டு ஒரு அங்குலம் நகரவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து அவள் இதை நூறு தடவை பார்த்திருப்பாள். அன்றைக்குத்தான் பார்த்தாள்.

“ஏங்க, அந்தக் கயிறு எவ்வளவு நீளம்?”

“ஏன், என்னைக் கட்டிப் போடவா?”

“சொல்லுங்க.”

“நூறு மீட்டர் இருக்கும்.”

கீழ் வயலின் அகலம் எண்பது மீட்டர். இரண்டு பக்கமும் வண்டிப்பாதை. உருளை வெறுமையாக இருந்தால் அரை டன்கூட வராது. அந்தப் பாரமும் மூன்று மீட்டர் அகலத்துக்குப் பரவிவிடும். மண்ணைக் கெடுப்பது உருளை இல்லை, அதை இழுக்கிற டிராக்டரின் இரண்டு டயர்தான். டயர் பாதையிலேயே நின்றுகொண்டு உருளை மட்டும் வயலில் போனால்?

அவள் சொல்லி முடித்ததும் வீட்டுக்காரர் கயிற்றைச் சுற்றி முடித்துவிட்டுக் கையைத் துடைத்தார். “இந்தப் பக்கம் நான் இழுத்துடுவேன். திரும்ப அந்தப் பக்கம் யாரு இழுப்பா? இந்த ஊர்ல கயிறு சுத்துற இன்னொரு வண்டி ஒருத்தர்கிட்டத்தான் இருக்கு.”

“தெரியும்.”

“அவர்கிட்டயா போய் நிக்கப் போறே?”

“நிக்கிறதுக்கு என்ன, காலு ரெண்டும் நல்லாத்தானே இருக்கு” என்று சொல்லிவிட்டு, அப்படியே வண்டியைத் திருப்பினாள்.

பீரங்கி வீட்டு முற்றத்தில் ஒரு மரக்கட்டையை உட்காருமிடமாக்கி, கத்திக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். வெட்டிய மரங்களை இழுக்க அவருடைய டிராக்டரின் பின்னால் கயிறு சுற்றும் சக்கரம் ஒன்று பூட்டியிருந்தது. அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் சிரித்த சிரிப்பில் கூரைமேல் இருந்த புறாக்கள் பறந்தன.

“ரெண்டு ஏக்கருக்கு ரெண்டு வண்டியா? ஏன் தங்கச்சி, ஊரே கூடி நின்னு சிரிக்காது?”

“சிரிக்கட்டுமே அண்ணே. சிரிச்சா உடம்புக்கு நல்லது.”

“அரை மணி நேரத்துல நானே ஓட்டித் தந்துடுவேன்.”

“வருஷா வருஷம் அப்படித்தானே ஓட்டுறீங்க. கேரட்டுக்குக் காலு மொளைச்சிருக்கு.”

பீரங்கி எண்ணெய்க் கிண்ணத்தை ஓரமாக வைத்தார். “அது அந்த மண்ணோட கோளாறு. என் உருளையில ஒண்ணும் கோளாறு இல்ல” என்றார். அவரைப் பொறுத்தவரை அது மெதுவான குரல்.

“சரி. அப்ப நாளைக்கு வந்து என்கூட இழுங்க. உங்க டயரும் படாது, என் டயரும் படாது. அப்பவும் கோணலா வந்தா மண்ணுதான் காரணம்னு நானே ஊரெல்லாம் சொல்றேன்.”

அவர் யோசித்தார். இதில் தனக்கு நஷ்டம் இல்லை என்று தோன்றியிருக்க வேண்டும். “எத்தனை மணிக்கு?” என்றார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வயலின் இந்தப் பாதையில் டயர்க்கடைக்காரரின் இழுவை வண்டி, அந்தப் பாதையில் பீரங்கியின் டிராக்டர், நடுவில் உருளை. உருளையின் இரண்டு முனையிலும் சங்கிலி மாட்டி, முக்கோணமாகக் கயிற்றில் சேர்த்திருந்தாள், கோணிக்கொண்டு போகாமல் இருக்க. முதல் வரிக்கு அரை மணி நேரம் பிடித்தது, அதிலும் உருளை பாதியில் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது. சங்கிலியில் ஒரு கண்ணியைக் குறைத்து மாட்டினாள். இரண்டாவது வரி நேராக வந்தது. ஒரு வரி முடிந்ததும் இரண்டு வண்டியும் பாதையில் மூன்று மீட்டர் முன்னால் நகரும். உருளையை நெம்புகோல் போட்டுத் திருப்பி அடுத்த வரிக்கு வைப்பார்கள். கை காட்டினால் போதும் என்று அவள் சொல்லியிருந்தும், பீரங்கி ஒவ்வொரு முறையும், “இழுக்கலாமாஆஆ?” என்று கேட்டார். பக்கத்து ஊரிலிருந்துகூட யாராவது ‘இழுங்க’ என்று சொல்லியிருக்கலாம்.

வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்தது. “என்ன, வயலுக்குள்ள லாரி கவுந்துடுச்சா?” என்று ஒருவர் கேட்டார். “நாளைக்குன்னு சொல்ற அம்மா இன்னைக்கு வேலை செய்யுது, மழை வராம என்ன செய்யும்?” என்றார் இன்னொருவர். அவளுக்கு நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. ஒவ்வொரு வரி முடிந்ததும் குனிந்து, உருளை போன தடத்தில் கம்பியைக் குத்திப் பார்த்தாள். மேலே இரண்டு விரல் கொஞ்சம் முரண்டு பிடித்தது, அதற்குப் பிறகு கம்பி வழுக்கிக்கொண்டு இறங்கியது. அவளுக்கு வேண்டியது அதுதான். பத்தாவது வரிக்குள் ஒரு வரிக்குக் கால் மணி என்று வேலை சூடு பிடித்துவிட்டது. தான் செய்வது சரி என்று அவளுக்குக் கையிலேயே தெரிந்தது.

மொத்தம் முப்பத்து நாலு வரி. முப்பத்தொன்று முடிந்தபோது மணி மூன்றரை. மேற்கே வானம் கறுத்துவிட்டது. மிச்சம் மூன்று வரி, வாய்க்காலுக்குப் பக்கத்தில், நிலத்திலேயே தாழ்ந்த இடம். உருளை முப்பத்திரண்டாவது வரியில் நாலடி போனதும், அவள் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னாள். உருளையில் மண் அப்பியிருந்தது. கையால் தொட்டாள். ஒட்டியது.

“போதும். உருளையைப் பாதைக்கு இழுங்க. இந்த மூணு வரி வேணாம்.”

“மூணே மூணு வரி, தங்கச்சி!” பீரங்கி கத்தினார். “கால் மணி ஒண்ணுக்கு. மழைக்கு முன்னாடி முடிச்சுடலாம். அரைகுறையா விட்டா நல்லாவா இருக்கு?”

“நல்லா இருக்க வேணாம். விடுங்க.”

“இவ்வளவு தூரம் வந்துட்டு…”

“அண்ணே, மண்ணு ஒட்டுது. ஒட்டினா அமுங்குதுன்னு அர்த்தம். முளைக்கிறது கொஞ்சம் குறையும், குறையட்டும். அடிமண்ணைக் கெடுக்க மாட்டேன்.”

பீரங்கி இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வரப்பிலிருந்து நாத்தனாரின் குரல் வந்தது. காலையிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு அது.

“அவ நிறுத்தச் சொன்னா நிறுத்துப்பா.”

நிறுத்தினார்கள். கயிற்றைச் சுற்றி முடிப்பதற்குள் முதல் சொட்டுகள் விழுந்தன. கனமான மழை. நாத்தனாரையும் சேர்த்து நாலு பேரும் இழுவை வண்டிக்குள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து கண்ணாடி வழியே பார்த்தார்கள். மேலிருந்து வந்த தண்ணீர் உருளை போட்ட கோடுகளில் இறங்கி இறங்கிக் காணாமல் போனது. வயலில் எங்கும் குளம் கட்டவில்லை. வாய்க்காலோர மூன்று வரியில் மட்டும் மண் கொஞ்சம் கரைந்து ஓடியது. பீரங்கி அதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “என் வண்டிக்கு டயரில் எவ்வளவு காத்து இருக்கணும்?” என்று கேட்டார். இந்தத் தடவை நிஜமாகவே மெதுவாகக் கேட்டார்.

நூற்றுப்பத்து நாள் ஆனது. இடையில் அவள் மற்றவர்களுடைய வயல்களில் வழக்கம்போல ஓட்டினாள், வழக்கம்போல நாளைக்கு என்றாள். வாரத்துக்கு ஒருமுறை அந்த வழியாகப் போகும்போது வண்டியின் வேகத்தைக் குறைப்பாள், ஆனால் இறங்க மாட்டாள். மேலே தழை நன்றாகத்தான் இருந்தது. கேரட்டில் மேலே பார்த்து எதையும் சொல்ல முடியாது. ஒன்பது வருஷத்துக்கு முன்பும் தழை நன்றாகத்தான் இருந்தது.

அறுவடை அன்று காலையில் நாத்தனார் போன் செய்தார். தம்பிக்குச் செய்யவில்லை, அவளுக்கே செய்தார். “வா” என்று ஒரே வார்த்தை, வைத்துவிட்டார்.

அவள் போய்ச் சேர்ந்தபோது பெண்கள் மேல்பக்கத்தில் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் மட்டும் கீழ் வயலின் வரப்பில் தனியாக உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு சாக்கு விரித்து, அதில் பிடுங்கிய கேரட். எந்த இடத்தில் எடுத்தது என்று தெரிவதற்காக எட்டுக் குவியலாக வைத்திருந்தார். அவள் குனிந்தாள். பழைய மேஜை வேலை கைக்கு மறக்கவில்லை. இரண்டு கையாலும் விறுவிறுவென்று தள்ளிப் பார்த்தாள். நேர், நேர், நேர், நேர். ஒரு குவியலில் ஒன்று, இன்னொன்றில் இரண்டு, அவ்வளவுதான் பிரிந்தது. வாய்க்காலோர மூன்று வரியில் எடுத்த குவியல் சின்னதாக இருந்தது, முளைப்பு அங்கே கம்மி. ஆனால் அதுவும் நேர்.

“கம்பெனிக்காரன் காலையிலயே வந்து பார்த்துட்டான்” என்றார் நாத்தனார். “அடுத்த வருஷத்துக்கும் எழுதிக்கிட்டுப் போயிட்டான்.”

அவள் நாத்தனாருக்குப் பக்கத்திலேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். இனி இவர் வீட்டில் உட்கார வேண்டாம். அந்த நிம்மதியில், ஒன்பது வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தது தானாக வெளியே வந்தது.

“அக்கா, அன்னைக்கு மழையால ஒண்ணும் கெடல. மண்ணு ஈரம்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஓட்டினேன். புது உருளையை எல்லாரும் பார்க்கணும்னு ஆசை. உங்க நிலத்தைக் கெடுத்தது நான்தான்.”

நாத்தனார் ஒரு கேரட்டை எடுத்து மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்தார்.

“ஈரம்னு எனக்கு மட்டும் தெரியாதா? நிலம் என்னோடது. நீ வர்றதுக்கு முன்னாடியே மண்ணை அள்ளிப் பார்த்துட்டேன். வேணாம், போயிட்டு நாளைக்கு வான்னு சொல்லத்தான் வரப்புல நின்னேன். நீ திருப்பத்துல வர்றே. பின்னால அந்தப் பச்சை உருளை. உன் முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். எனக்கு வாய் வரல.”

அவள் திரும்பி நாத்தனாரைப் பார்த்தாள்.

“சொல்லாம விட்டது நான். அதை ஒத்துக்க முடியல, அதனால உன்கூடப் பேசல.” நாத்தனாரின் குரல் உடைந்தது. “நீ வந்து மன்னிப்புக் கேட்டுட்டா, நானும் இதைச் சொல்லியாகணுமேன்னு பயமா இருந்துச்சு.”

அவள் அழுதாள். மறைக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. மேல் வயலில் பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி குனிந்துகொண்டார்கள்.

“நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கலாமேக்கா.”

“சொல்லியிருந்தா கேட்டிருப்பியா நீ?”

அவள் உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள்.

“மாட்டேன்” என்றாள்.

“அப்ப சரி” என்று நாத்தனார் அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். “பாதி உன் தப்பு, பாதி என் தப்பு. எழுந்திரு, வேலையைப் பார்ப்போம்.”